லூயிஸோடு வாதாடி வாசித்தவர்கள்

1930களிலும் 40களிலும் வியாழக்கிழமை இரவானால் ஆக்ஸ்போர்டு மாட்லின் கல்லூரியில் சி. எஸ். லூயிஸின் அறை களைகட்டிவிடும். நண்பர்கள் வந்து அமர்வார்கள். ஒருவர் தாம் எழுதிக்கொண்டிருப்பதை உரக்க வாசிப்பார். முடித்ததும் மற்றவர்கள் நல்லது கெட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அந்தக் குழுவுக்கு 'இங்க்ளிங்ஸ்' என்று பெயர். ஜே. ஆர். ஆர். டோல்கியன் தம்முடைய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலைப் பகுதி பகுதியாக அங்கே வாசித்தார். லூயிஸ் ஊக்கப்படுத்தியிராவிட்டால் அதை முடித்தே இருக்க முடியாது என்று அவரே பிற்பாடு சொன்னார்.

அந்த டோல்கியனுக்கு லூயிஸின் நார்னியா கதைகள் பிடிக்கவில்லை. கிரேக்கத் தொன்மத்து ஆட்டுக்கால் மனிதரும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒரே காட்டில் உலவுவது அவருக்கு ஒட்டவே இல்லை. பெல்ஃபாஸ்டில் 1898இல் பிறந்து, இளமையில் கடவுள் மறுப்பாளராக வாழ்ந்த லூயிஸ் 1931இல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பியதில் டோல்கியனின் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. நம்பிக்கையின் பக்கம் அழைத்து வந்த நண்பரே, அந்த நம்பிக்கையிலிருந்து பிறந்த கதையை ஏற்கவில்லை. ஆனாலும் லூயிஸ் எழுதுவதை நிறுத்தவில்லை. 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு நார்னியா நூல்கள் வெளிவந்தன.

கிறிஸ்தவ எழுத்தாளரின் நூல் என்றாலே ஒரு சாரார் பயபக்தியோடு தலையாட்டுகிறார்கள்; இன்னொரு சாரார் பிரச்சாரம் என்று புரட்டாமலே ஒதுக்குகிறார்கள். லூயிஸின் வாழ்க்கை இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் நம்பிக்கையாளரும் மறுப்பாளரும் எதிரெதிரே நின்று வாதிடுவதற்கென்றே 'சாக்ரடிக் கிளப்' நடந்தது. 1942 முதல் 1954 வரை அதன் தலைவர் லூயிஸ்தான்.

1948 பிப்ரவரி 2 அன்று அந்த மேடையில் அவரே கேள்விக்கு உள்ளானார். முந்தைய ஆண்டுதான் அவருடைய 'மிராக்கிள்ஸ்' வெளியாகியிருந்தது. இயற்கைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை என்றால், நம் சிந்தனையும் அறிவற்ற காரணங்களின் விளைவாகிவிடும். அப்படிப்பட்ட சிந்தனையை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாதே என்பது அதன் மூன்றாம் அத்தியாயத்தின் வாதம். அதை மறுக்க எழுந்தவர் எலிசபெத் ஆன்ஸ்கம். வயது 28. தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைனின் மாணவி. அவரும் நம்பிக்கையாளர்தான்; உறுதியான கத்தோலிக்கர். பகுத்தறிவுக்கு முரணான காரணம் வேறு, பகுத்தறிவோடு தொடர்பே இல்லாத காரணம் வேறு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறீர்கள் என்று வாதிட்டார். நம்பிக்கையைக் காப்பாற்றுவதாக இருந்தாலும் ஓட்டை வாதம் ஓட்டை வாதம்தான் என்ற அந்த நேர்மை போற்றத்தக்கது.

லூயிஸும் அதற்குக் குறைந்தவர் அல்லர். 1960இல் வந்த மறுபதிப்புக்காக அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். அந்தத் திருத்தமே அவருடைய நேர்மைக்குச் சான்று என்று ஆன்ஸ்கம் பின்னாளில் எழுதினார். இன்று 'மிராக்கிள்ஸ்' வாங்குபவர் கையில் இருப்பது ஒரு வாசகியின் மறுப்பால் செம்மையான நூல்.

நார்னியா பற்றிய விவாதங்கள் இன்னும் ஓயவில்லை. எந்த வரிசையில் படிப்பது என்பதே ஒரு வழக்கு. வெளியான வரிசையா, கதை நடக்கும் வரிசையா என்று ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கும் அவன் தாய்க்கும் கருத்து வேறுபாடு. சிறுவன் லூயிஸுக்கே கடிதம் போட்டான். 1957இல் எழுதிய பதிலில் அவர் கதை வரிசையை விரும்பிய சிறுவனின் பக்கம் சாய்ந்தார். எந்த வரிசையானாலும் பெரிய குற்றமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். முதலில் வெளிவந்த கதையில் அலமாரிக் கதவைத் திறந்து நார்னியா உலகுக்குள் நுழையும் வியப்பு, முன்கதையைப் படித்துவிட்டுப் போனால் பாதியாகிவிடும். எனவே தாயின் கட்சியே சரி.

நார்னியாவுக்குச் சென்ற சிறுமிகளில் ஒருத்தியான சூசனின் விவகாரம் அவ்வளவு இலகுவானதல்ல. கடைசி நூலில் உதட்டுச் சாயத்திலும் விருந்துகளிலும் மனம் போனவள் என்று அவள் நார்னியாவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். நாவலாசிரியர் ஃபிலிப் புல்மன் இதற்காக லூயிஸைக் கடுமையாகச் சாடினார். சூசன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், திருந்தக் காலம் இருக்கிறது என்று லூயிஸ் ஒரு குழந்தைக்கு எழுதியதுண்டு. அது ஆறுதலே தவிர முழு விடை ஆகாது. தலைப்பாகை கட்டிய, கருத்த தோலுள்ள கலோர்மன் என்ற கதை நாட்டாரைப் பெரும்பாலும் கொடியவர்களாகக் காட்டிய விதமும் நம் வாசகர்களுக்கு உறுத்தவே செய்யும். அதை மூடி மறைக்காமல் பேசுவதே அந்த நூல்களுக்குச் செய்யும் மரியாதை.

லூயிஸோடு மிகக் கடுமையாக வாதாடியவர் லூயிஸேதான். கடவுள் நல்லவரானால் துன்பம் ஏன் என்ற கேள்விக்கு 1940இல் 'த ப்ராப்ளம் ஆஃப் பெயின்' நூலில் நிதானமாக, தர்க்கத்தோடு விடை சொன்னார். 1960 ஜூலையில் அவருடைய மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு 'எ க்ரீஃப் அப்சர்வ்ட்' வெளிவந்தது. அட்டையில் என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயர். கடவுளின் கதவு சாத்தப்பட்டுவிட்டதோ என்று கேட்கும் அளவுக்கு அதில் கோபமும் ஐயமும் கொதிக்கின்றன. ஆசிரியர் யாரென அறியாத நண்பர்கள், துக்கத்துக்கு மருந்தாகும் என்று அந்த நூலை லூயிஸிடமே பரிந்துரைத்தார்கள். 1963இல் அவர் மறைந்த பிறகே அது அவர் பெயரில் வந்தது.

லூயிஸை முதன்முறை படிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே சிறிய நூல்கள். வீட்டிலோ சபையிலோ உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரையும் கூடவே படிக்கச் சொல்லுங்கள். முடித்த பின் எந்த லூயிஸ் சரி என்று இருவரும் பேசிப் பாருங்கள்.