கழித்துச் செய்த கணினி

காஞ்சிபுரம் ஓரிக்கைத் தறிவீடுகளில் ஜக்கார்டு பெட்டியோடு தொங்கும் அட்டைகளைப் பார்த்தவர்களுக்குக் கணினியின் நினைவகத்தை விளக்குவது எளிது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது. 240 கொக்கிப் பெட்டி என்றால் ஓர் அட்டைக்கு 240 ‘உண்டு, இல்லை’. கணினிக் கணக்கில் அது வெறும் 30 பைட். ஒரு முந்தானைக்கு ஆயிரம் அட்டை என்று வைத்துக்கொண்டாலும் 30,000 பைட்டுக்குமேல் போகாது. 64 ஜிபி சேமிப்புள்ள குட்டி லேப்டாப்பில் இப்படி இருபது லட்சம் முந்தானைகளுக்கான அட்டைக் கணக்கு அடங்கிவிடும்.

மலிவு விலையில் சின்ன லேப்டாப் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் ‘64 ஜிபி போதுமா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்பேன். பெரிய லேப்டாப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துத்தான் இதன் விலையைக் குறைக்கிறார்கள். எதைக் கழித்தார்கள், அது நமக்குத் தேவையா என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

இந்தக் கழித்தல் வேலையைத் துணிந்து தொடங்கியவர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே. ஏழை நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூறு டாலரில் லேப்டாப் என்று 2005இல் அறிவித்தார். மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த அதன் திரையை வெட்டவெளி வெயிலிலும் படிக்க முடிந்தது. 2007இல் உற்பத்தி தொடங்கியபோது விலை நூறு டாலராக இல்லை, ஏறக்குறைய 188 டாலர். அதே ஆண்டு ஜூனில் தைவானின் அசுஸ் நிறுவனம் ‘ஈ பிசி’யை 199 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. உலகமே காத்திருந்தது. கடைக்கு வந்தபோது அமெரிக்காவில் பரவலாக விற்ற 4 ஜிபி வகையின் விலை 399 டாலர். அப்படியும் மக்கள் வாங்கித் தீர்த்தார்கள். ஒரு கிலோவுக்கும் குறைந்த லேப்டாப் அந்த விலையில் அதுவரை அரிது. 2008 ஜனவரியில் சிவ் நாடாரின் ஹெச்.சி.எல். ‘மைலீப்’ என்ற ஏழு அங்குல லேப்டாப்பை ரூ.13,990க்கு இந்தியாவில் இறக்கியது. 2023இல் ‘ஜியோபுக்’ லேப்டாப் ரூ.16,499க்கு வந்தது. அறிவிப்பில் வரும் விலையை நம்பிப் பணத்தை எடுத்து வைக்கக் கூடாது என்பதற்கு அந்த இரண்டு வெளிநாட்டுக் கதைகளே போதும்.

சரி, கழிப்பது எவற்றை? சுழலும் ஹார்டு டிஸ்க் போய், செல்போனில் இருப்பதுபோன்ற நினைவகச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்படுகிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் செயலி பொருத்துவதால் சூடு குறைகிறது. பல மாடல்களில் மின்விசிறியே கிடையாது. தறிவீட்டுக்கு இது நல்லது. இழைத் தூசியை உள்ளே இழுக்க வழியில்லை, மின்சாரம் போனாலும் பேட்டரி வெகுநேரம் தாங்கும். ரேமையும் பற்றவைத்துவிடுவதுதான் எனக்கு உறுத்தல். 4 ஜிபி என்று வாங்கினால் ஆயுளுக்கும் 4 ஜிபிதான், பிறகு கூட்ட இடமில்லை. சேமிப்புக்குப் பென் டிரைவ் இருக்கிறது, ரேமுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

திரையில் கழித்தது உடனே கண்ணில் படும். ஈ பிசியின் திரை அகலம் 800 புள்ளிகள். அந்நாளைய இணையப் பக்கங்கள் 1,024 புள்ளி அகலத்துக்கு வடிவமைக்கப்பட்டிருந்ததால், படிக்கிறவர் பக்கத்தை இடம் வலமாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

கண்ணில் படாத கழித்தல் இயங்குதளம். ஈ பிசி லினக்ஸோடு வந்தது. சின்ன லேப்டாப்புகள் லினக்ஸ் பக்கம் போவதைக் கண்ட மைக்ரோசாஃப்ட், விற்பனையை நிறுத்தவிருந்த விண்டோஸ் எக்ஸ்பியை இவற்றுக்காகவே 2010 வரை நீட்டித்தது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஜியோபுக்கில் இருப்பது ஆண்ட்ராய்டைச் சார்ந்த ஜியோ ஓஎஸ்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முன்பு கட்டத்தாளில் போட்ட டிசைனை இன்று கணினியில் போடுகிறார்கள். அதற்கான மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடும். ஆண்ட்ராய்டு வகை லேப்டாப்பை வாங்கி வந்தால் அந்த வேலை அங்கேயே நின்றுவிடும். விண்டோஸே இருந்தாலும், 1366 x 768 திரையில் ஒரு கட்டத்துக்கு எட்டுப் புள்ளி ஒதுக்கினால் மேலிருந்து கீழாக 96 வரிசைக்குமேல் தெரியாது. ஆயிரம் வரிசை முந்தானையைப் பத்தில் ஒரு பங்காகப் பார்த்துத் திருத்துவது கண்ணுக்குப் பெரும் பாடு. டிசைன் போடுகிறவர்களுக்குக் குட்டி லேப்டாப் வேண்டாம் என்றே சொல்வேன். முடிந்த டிசைனை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்ட, சேலைக் கணக்கு எழுத, அரசு விண்ணப்பம் நிரப்ப அது தாராளமாகப் போதும்.

படிக்கிற பிள்ளைக்கும் போதும். செல்போனில் நான்கு பக்கம் எழுதிப் பார்த்தவர்களுக்கு விசைப்பலகையின் அருமை தெரியும். 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைமுறை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. கடையில் நின்றபடியே அதை இயக்கி ஒரு பத்தி தட்டச்சு செய்து பாருங்கள். விரல்கள் இடிக்கிற அளவுக்கு விசைகளைச் சுருக்கியிருந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

லேப்டாப் செய்யும் இடம் நமக்குத் தூரமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் டெல் 2007 முதல் ஆலை நடத்துகிறது; நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். பக்கத்தில் செய்வதால் மட்டும் விலை இறங்கிவிடாது. செயலியும் நினைவகமும் இன்னும் பெரும்பாலும் கப்பலிலும் விமானத்திலும்தான் வருகின்றன.

வீட்டில் கல்லூரி மாணவர் இருந்தால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று தமிழக அரசு 2025 மார்ச் 14 பட்ஜெட்டில் அறிவித்தது. பிள்ளையின் பெயர் அதற்கான பட்டியலில் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்த பிறகு கடைக்குப் போவது நல்லது.