நேரத்தோடு ஊரையும் தேதியையும் சொல்லுங்கள்

சென்னைக்கும் நியூயார்க்குக்கும் எத்தனை மணி நேர வித்தியாசம் என்று கேட்டால் சிலர் ஒன்பதரை என்பார்கள், சிலர் பத்தரை என்பார்கள். இரண்டும் சரிதான். ஜூலையில் ஒன்பதரை, ஜனவரியில் பத்தரை. "அமெரிக்காவுக்குப் பத்தரை மணி நேரம்" என்று ஒரே எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் கணக்கு தப்பும். இந்த ஊர், அந்த ஊர், எந்தத் தேதி ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் சரியான விடை வரும்.

அடிப்படை எளிமையானது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. மணிக்கு 15 பாகை, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரும் தனக்கு உச்சிப்பொழுது எப்போதோ அதையே 12 மணி என்று வைத்துக்கொண்டது. ரயிலும் தந்தியும் வந்தபின் அது சரிப்பட்டு வரவில்லை. இந்திய ரயில்கள் பல ஆண்டுகள் மெட்ராஸ் நேரப்படி ஓடின. அது கிரீனிச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. 82.5ஐ 4ஆல் பெருக்கினால் 330 நிமிடம். நம் ஐந்தரை மணி நேரம் அப்படி வந்ததுதான்.

ஆனால் கடைசி முடிவு சூரியனுடையது அல்ல, அரசாங்கத்தினுடையது. சீனா அவ்வளவு அகலமாக இருந்தும் நாடு முழுக்க ஒரே நேரம். நேபாளத்துக்கு ஐந்தே முக்கால். இலங்கை 1996இல் மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. சில மாதத்தில் அரைமணி பின்னுக்கு இழுத்து ஆறு மணி நேரத்தில் நிறுத்தியது. 2006இல்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஒரு சிறு தீவில் இரண்டு நேரம் ஓடியது. அந்தப் பத்தாண்டில் கொழும்பில் பிறந்த ஒருவருக்கு ஐந்தரை என்று வைத்து ஜாதகம் கணித்தால் லக்னமே மாறிப்போகலாம்.

இனி கணக்கு. நேரடியாக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தாவாமல், நடுவில் உலகப் பொது நேரத்தில் கால் வைத்துச் செல்வது நல்லது. இதைத்தான் யூ.டி.சி. என்கிறார்கள், நம் அன்றாடத் தேவைக்குப் பழைய கிரீனிச் நேரம் என்றே எடுத்துக்கொள்ளலாம். இந்தியா இதற்கு 5:30 கூட்டல். சிங்கப்பூரும் மலேசியாவும் 8 கூட்டல், துபாய் 4 கூட்டல், சவூதியும் கத்தாரும் குவைத்தும் 3 கூட்டல். இந்த நாடுகளில் ஆண்டு முழுக்க ஒரே கணக்கு.

சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை மாதம் ஒரு வியாழன், மாலை 6:30 என்று வைத்துக்கொள்வோம். அங்கே அப்போது 7 கழித்தல். கழித்தல் ஊரிலிருந்து பொது நேரத்துக்கு வர 7ஐக் கூட்ட வேண்டும். 18:30உடன் 7 சேர்ந்தால் 25:30. 24ஐத் தாண்டியதால் வெள்ளி 1:30. அதனுடன் 5:30 கூட்டினால் சென்னையில் வெள்ளி காலை 7 மணி. மணியைப் பகலிரவாகப் பிரிக்காமல் 24 வரை எண்ணினால் கணக்கும் எளிது, கிழமை மாறுவதும் கண்ணில் படும். பெரும்பாலான குழப்பம் மணியில் வருவதில்லை, கிழமையில்தான் வருகிறது.

அதற்கு நம் பேச்சுவழக்கும் ஒரு காரணம். நமக்கு விடிந்தால்தான் அடுத்த நாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு ஃப்ளைட்" என்றால் காலண்டர்படி அது சனிக்கிழமை. டிக்கெட்டில் உள்ள தேதியையே சொல்லிவிட்டால் விமான நிலையத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போகிற கொடுமை நேராது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருக்கும், இறங்கும் நேரம் இறங்கும் ஊருக்கும் உரியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதிகம் காலை வாரிவிடுவது கோடைக்கால நேரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். பிரிட்டனும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிக்கும். ஆகவே 2026இல் மார்ச் 8 முதல் 29 வரை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நான்காகச் சுருங்கும். சிட்னியில் எல்லாம் தலைகீழ்: அங்கே கோடைக்கால நேரம் அக்டோபரில் தொடங்குகிறது. நம்மிடமிருந்து நான்கரை மணியாக இருக்கும் தூரம் அப்போது ஐந்தரை ஆகிவிடும்.

வாரந்தோறும் நடக்கும் அலுவலகக் கூட்டம் எந்த ஊரின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். டொராண்டோ காலை 9 மணி என்று முடிவானால், சென்னையில் இருப்பவருக்குக் குளிர்காலத்தில் இரவு 7:30, கோடையில் 6:30. கைபேசிக் காலண்டரில் பதியும்போது நேர மண்டலத்தை ஊர்ப்பெயரால் தேர்ந்தெடுங்கள். ஐ.எஸ்.டி. என்ற சுருக்கம் இந்தியாவுக்கு மட்டுமல்ல, இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் உண்டு. அமெரிக்கர்களே கோடையிலும் பழக்கத்தில், குளிர்கால நேரத்துக்கு உரிய இ.எஸ்.டி. என்ற சுருக்கத்தை எழுதிவிடுவார்கள்; அதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் பிசகும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே அச்சான பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு ஒன்று. திதியும் நட்சத்திரமும் முடியும் கணம் உலகம் முழுக்க ஒன்றே. சென்னையில் ஜனவரியில் இரவு 9:10க்கு அமாவாசை முடிகிறது என்றால், டொராண்டோவில் அதே நாள் காலை 10:40க்கு முடியும். இதை மாற்றிக்கொள்ளலாம். ராகு காலத்தை அப்படி மாற்றக் கூடாது. அது அந்தந்த ஊரின் பகல்பொழுதை எட்டாகப் பிரித்து வருவது. சூரியன் எட்டு மணிக்கு உதித்து ஐந்துக்குள் மறையும் ஊரில் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம்கூட இருக்காது. அந்த ஊருக்கென்றே கணித்த பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.