கனடா குளிர்காலம்: வீட்டு ஃபர்னஸை முன்கூட்டியே தயார் செய்வது எப்படி? எதை நாமே செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

ஜனவரி மாதம், நள்ளிரவு. வெளியே மைனஸ் 20 டிகிரி. பேஸ்மென்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபர்னஸ் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. காலையில் எழுந்தால் வீடே ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "இன்னைக்கு முடியாது, நாளைக்குத்தான்" என்று பதில் வருகிறது. காரணம், அன்று ஊரில் பல வீடுகளில் இதே பிரச்சினை.

டொரன்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளில் குளிர்காலத்தைக் கடந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தமிழ்நாட்டில் இருந்து படிக்கப் போன பிள்ளைகளுக்கோ, 'ஃபர்னஸ்' என்ற வார்த்தையே அங்கு போய்த்தான் அறிமுகம்.

ஹீட்டர் நின்றால் குளிர் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். குழாய் உறைந்து வெடிக்கலாம். அதைவிட ஆபத்து, ஹீட்டர் தவறாக ஓடினால் உயிரே போகலாம். அக்டோபர் மாதத்திலேயே என்னவெல்லாம் பார்த்துவிட வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ஃபர்னஸ் எப்படி வேலை செய்கிறது?

ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான தனி வீடுகளைச் சூடாக்குவது இயற்கை எரிவாயுவில் ஓடும் ஃபர்னஸ்தான். பெரும்பாலும் பேஸ்மென்டில் இருக்கும்.

சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட், 'வீடு குளிர்ந்துவிட்டது' என்று ஃபர்னஸுக்குத் தகவல் அனுப்பும். உடனே ஒரு சின்ன மின்விசிறி ஓடி, உள்ளே இருக்கும் பழைய வாயுவை வெளியே தள்ளும். புகைக்குழாயில் அடைப்பு இல்லை என்று ஒரு சுவிட்ச் உறுதி செய்த பிறகுதான் எரிவாயு திறந்து, தீ பற்றும். தீ உண்மையிலேயே பற்றியதா என்பதை ஒரு சென்சார் பார்க்கும். பற்றவில்லை என்றால் எரிவாயு தானாக மூடிக்கொள்ளும்.

தீயின் வெப்பம் ஒரு உலோக அறைக்குள் போகும். இதன் பெயர் ஹீட் எக்ஸ்சேஞ்சர். வீட்டுக் காற்று இந்த உலோகத்தின் வெளிப்பக்கம் உரசிச் சென்று சூடாகி, அறைகளுக்குப் போகிறது. எரிந்த வாயு உட்பக்கமே சென்று குழாய் வழியாக வெளியேறுகிறது. இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. ஃபர்னஸ் பாதுகாப்பின் அடிப்படையே இதுதான்.

நாமே செய்ய வேண்டிய முதல் வேலை: பில்டர்

ஃபர்னஸுக்குள் போகும் காற்றை வடிகட்ட ஒரு பில்டர் இருக்கும். தூசி, முடி, துணி நூல் எல்லாம் இதில் சேரும். ஒரு அங்குல தடிமன் உள்ள சாதாரண பில்டர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நான்கு, ஐந்து அங்குல பில்டர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும்.

"பில்டர்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவதுதான் பெரும்பாலான கோளாறுகளின் தொடக்கம். பில்டர் அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகும். பாதுகாப்பு சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்தும். ஆறியதும் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். வீடு சூடாகாது, பில் மட்டும் ஏறும். இப்படியே பல வருடம் ஓடினால் அந்த உலோகத்தில் விரிசல் விழக்கூடும்.

மாற்றுவது எளிது. ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய பில்டரின் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். பில்டரில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிய தேதியை பேனாவால் அதிலேயே எழுதிவிட்டால் அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை.

அப்படியே அறைகளில் சூடான காற்று வரும் துவாரங்களையும் பாருங்கள். சோபா, கட்டில், கார்பெட் எதுவும் அவற்றை மறைக்கக் கூடாது. பயன்படுத்தாத அறைகளின் துவாரங்களை எல்லாம் மூடிவிட்டால் பணம் மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிறைய துவாரங்களை மூடினால், பில்டர் அடைத்தால் வரும் அதே பிரச்சினைதான் வரும்.

வெளியே ஒரு சுற்று போய் வாருங்கள்

புதிய வகை ஃபர்னஸ்களில் வீட்டின் பக்கச்சுவரில் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், இன்னொன்று எரிந்த வாயுவை வெளியேற்றும். இலை, பறவைக் கூடு, செடி எதுவும் இவற்றை அடைக்கக் கூடாது.

பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு இதை மறக்கவே வேண்டாம். காருக்கு வழி செய்யும்போது அள்ளிய பனியை இந்தக் குழாய் பக்கம் குவித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அக்டோபரில் ஒரு ட்ரையல்

குளிர் வரும்வரை காத்திருக்காமல் ஒரு நாள் ஹீட்டரை ஓடவிட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை 'ஹீட்' நிலைக்கு மாற்றி, அறை வெப்பத்தைவிட சில டிகிரி கூட்டி வையுங்கள். சில நிமிடங்களில் சூடான காற்று வர வேண்டும்.

முதல் முறை ஓடும்போது தூசி கருகும் வாசனை வரும். கோடை முழுக்க உள்ளே படிந்த தூசிதான். கொஞ்ச நேரத்தில் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் அழுகிய முட்டை வாசனை வந்தால் அது எரிவாயுக் கசிவு. எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து 911-ஐ அழைக்க வேண்டும்.

மெக்கானிக் எதற்கு?

"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு வருஷா வருஷம் காசு?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கிறதா, எரிவாயு அழுத்தம் சரியா, எரிந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு அளவு எவ்வளவு என்பதையெல்லாம் கருவி வைத்துத்தான் அளக்க முடியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒன்டாரியோவில் எரிவாயுக் கருவிகளில் கை வைக்க உரிமம் கட்டாயம். தொழில்நுட்பத் தரம் மற்றும் பாதுகாப்பு ஆணையம்தான் இதைக் கண்காணிக்கிறது. வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். "தெரிஞ்ச பையன், கம்மியா செஞ்சு குடுப்பான்" என்பது இந்த விஷயத்தில் மட்டும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத கொலையாளி

ஒன்டாரியோவின் வூட்ஸ்டாக் நகரில் 2008-ம் ஆண்டு ஒரு குடும்பமே கார்பன் மோனாக்சைடு வாயுவுக்குப் பலியானது. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். தாய் மாகாண காவல்துறையில் பணியாற்றியவர். அந்த வீட்டில் எரிவாயுவில் எரியும் கணப்படுப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. எச்சரிக்கும் அலாரம் இல்லை.

உறவினர்களின் தொடர் முயற்சியால் 2013-ல் ஹாக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் வந்தது. எரிபொருளில் ஓடும் கருவி, கணப்படுப்பு அல்லது வீட்டோடு ஒட்டிய கார் ஷெட் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமானது. 2026 ஜனவரி 1 முதல் இத்தகைய வீடுகளின் ஒவ்வொரு தளத்திலும் அலாரம் இருக்க வேண்டும் என்று ஒன்டாரியோ தீயணைப்பு விதிகள் சொல்கின்றன.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, அசதி என்று ஃப்ளூ காய்ச்சல் மாதிரியே இருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே சந்தேகப்படுங்கள். தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகள் எதுவுமே தெரியாது என்பதுதான் கொடுமை.

ஊட்டி, கொடைக்கானலில் மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் உயிரிழக்கும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். அங்கேயும் காரணம் இதே வாயுதான்.

அலாரம் அடித்தால் என்ன செய்வது?

தொடர்ந்து நான்கு முறை 'பீப்' அடித்து நின்று மறுபடி அடித்தால் அது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை. மூன்று முறை என்றால் புகை. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை 'கீச்' என்றால், பேட்டரி தீர்ந்துவிட்டது அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

நான்கு பீப் கேட்டால், ஜன்னலைத் திறந்து பார்க்கலாம், அலாரத்தைக் கழற்றலாம் என்று நேரம் கடத்த வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து 911-ஐ அழையுங்கள். தீயணைப்பு வீரர்கள் சொல்லும்வரை உள்ளே போகக் கூடாது.

அலாரங்களுக்கும் ஆயுள் உண்டு. பொதுவாக 7 முதல் 10 ஆண்டுகள். பின்பக்கம் தேதி அச்சிட்டிருக்கும். இன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.

ஃபர்னஸ் ஓடலையா? போன் செய்யும் முன் இதைப் பாருங்கள்

1. ஃபர்னஸுக்கு அருகில், லைட் சுவிட்ச் மாதிரியே ஒரு சுவிட்ச் இருக்கும். யாராவது விளக்கு என்று நினைத்து அணைத்திருக்கலாம்.

2. தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

3. ஃபர்னஸின் முன்பக்க மூடி சரியாக மூடாவிட்டாலும் ஓடாது.

4. பில்டர் அடைத்திருக்கலாம். வெளிக்குழாயைப் பனி மூடியிருக்கலாம்.

5. மின்பெட்டியில் பிரேக்கர் விழுந்திருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு எரியும். எத்தனை முறை எரிகிறது என்று எண்ணிச் சொன்னால், கோளாறு என்ன என்று அவருக்குப் பாதி புரிந்துவிடும்.

கரன்ட் போனால்?

எரிவாயுவில் ஓடினாலும் ஃபர்னஸுக்கு மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பரில் வீசிய பனிமழைப் புயலில் டொரன்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினர். அப்போது குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பையும், கார் ஷெட்டில் ஜெனரேட்டரையும் ஓடவிட்டவர்கள் கார்பன் மோனாக்சைடால் பாதிக்கப்பட்டனர். பார்பெக்யூ அடுப்பு, ஜெனரேட்டர் இரண்டும் வீட்டுக்கு வெளியே மட்டும்தான். கார் ஷெட் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது.

பேஸ்மென்ட் வாடகைக்கு இருப்பவர்கள் கவனத்துக்கு

புதிதாகப் போகும் மாணவர்கள் பலர் பேஸ்மென்டில்தான் தங்குகிறார்கள். படுக்கைக்குப் பக்கத்து அறையிலேயே ஃபர்னஸ் ஓடும். அந்த அறையில் பெட்டி, துணி, பெயின்ட், பெட்ரோல் கேன் எதையும் அடுக்கக் கூடாது.

குளிரில் நடுங்கிக்கொண்டு, "ஓனர் கோவிச்சுக்குவார்" என்று சும்மா இருக்கத் தேவையில்லை. ஒன்டாரியோ சட்டப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். நகராட்சிகள் தனி விதியும் வைத்திருக்கலாம். டொரன்டோவில் குளிர்கால அளவு 21 டிகிரி. அங்கே புகார் சொல்ல 311-ஐ அழைக்கலாம். அலாரம் பொருத்திப் பராமரிப்பதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் சமையல் புகைக்கு அடிக்கிறது என்று அதைக் கழற்றிப் போடுவது வாடகைக்கு இருப்பவர் செய்யும் குற்றம்.

தனியாக எலக்ட்ரிக் ஹீட்டர் வைத்தால், திரைச்சீலை, மெத்தையில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவே கூடாது, நேராகச் சுவர் பிளக்கில்தான்.

ஊருக்குக் கிளம்புகிறீர்களா?

டிசம்பர், ஜனவரியில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்கள் ஹீட்டரை முழுவதும் அணைக்க வேண்டாம். 15 டிகிரியில் விட்டுவிட்டு, தண்ணீரின் மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் குழாய் உறைந்து வெடித்து, திரும்பி வரும்போது பேஸ்மென்ட் குளமாகி இருக்கும்.

இன்னொரு விஷயம்: வீட்டை அடிக்கடி யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று பல காப்பீட்டு பாலிசிகளில் நிபந்தனை உண்டு. கிளம்பும் முன் பாலிசியைப் படித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்க வந்தால்?

"உங்க ஃபர்னஸ் ஆபத்தா இருக்கு, உடனே மாத்தணும், இன்னைக்கே கையெழுத்து போட்டா தள்ளுபடி" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம், வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். மாத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பல ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை.

நாம் கூப்பிடாமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் ஹீட்டர் ஒப்பந்தம் போடுவதை ஒன்டாரியோ அரசு 2018 மார்ச் 1 முதல் தடை செய்துவிட்டது. எரிவாயு நிறுவனத்தில் இருந்து வருகிறேன் என்று சொன்னாலும் உள்ளே விட வேண்டாம். பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து உறுதி செய்யுங்கள்.

மொத்தத்தில், பில்டர் மாற்றுவது, வெளிக்குழாயைச் சுத்தமாக வைப்பது, அலாரம் வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்ப்பது இந்த மூன்றும் நம் வேலை. எரிவாயு சம்பந்தப்பட்ட எதுவும் உரிமம் உள்ளவர் வேலை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால், இன்று இரவு போன் பேசும்போது "சாப்பிட்டியா?" என்பதோடு இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உன் ரூம்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா?"