வேல்ஸ் நாட்டு நாமகரணம்

பிரிட்டன் தீவின் மேற்கே, மலையும் கடலும் நெருங்கி நிற்கும் வேல்ஸ் தேசத்தில், குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்கு மற்றப் பெற்றோரின் கவலைகளோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. பெயர் அழகாகவும் அர்த்தம் நிறைந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது போக, எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் போனதும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் முதல் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா வரையில் ஒவ்வொருவரும் அதை என்ன பாடு படுத்துவார்களோ என்பதையும் அவர்கள் யோசிக்கிறார்கள். 2021-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர்தாம். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்பதற்கும் சற்றுக் குறைவு. ஆயினும், பாஷையை இழந்துவிட்ட குடும்பங்கள்கூடப் பெயரை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதும், எப்போதோ அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடியேறியவர்களின் சந்ததியார் தங்கள் குழந்தைகளுக்கு வெல்ஷ் பெயர்களைத் தேடி அலைவதும் இன்றும் நடக்கின்றன.

இந்தப் பெயர்கள் வாயில் நுழையாதவை என்று உலகம் நினைப்பதற்குக் காரணம் ஒன்றே. அவை இங்கிலீஷ் எழுத்துகளைப் போன்ற எழுத்துகளில் எழுதப்படுவதால், பார்ப்பவர்கள் இங்கிலீஷ் ஒலிகளையே அவற்றுக்குக் கொடுத்து வாசித்துவிட்டு, பழியைப் பெயரின்மேல் போடுகிறார்கள். உண்மையில், எழுதுவது ஒன்றும் சொல்வது வேறொன்றுமாக இருக்கிற இங்கிலீஷைக் காட்டிலும் வெல்ஷ் எவ்வளவோ ஒழுங்கான பாஷை. சில விதிகளைத் தெரிந்துகொண்டவனுக்கு முன்பின் பார்த்திராத பெயரையும் பெரும்பாலும் பிழையின்றி வாசித்துவிட முடியும்.

அவ்விதிகளில் முக்கியமானவற்றை மாத்திரம் பார்ப்போம். 'எஃப்' என்னும் எழுத்து ஒற்றையாக வந்தால் அதற்கு வகரத்தின் ஒலி. இரட்டித்து வந்தால்தான் ஃபகரத்தின் ஒலி. 'டீ' இரட்டித்து வந்தால், 'மாதம்', 'பாதை' என்னும் சொற்களின் நடுவே நாம் இயல்பாகச் சொல்லும் மெல்லிய தகரம் பிறக்கிறது. ஆகையால் டேவிட் என்பதன் வெல்ஷ் வடிவம், அறியாதவர் கண்ணுக்கு 'டாஃபிட்' என்று தோன்றினாலும், அறிந்தவர் வாயில் 'டவித்' என்றே ஒலிக்கும். 'ஸி' எப்போதும் ககரமே. அன்பு என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்த 'கெரிஸ்' என்ற பெண்ணை 'செரிஸ்' என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். 'எஸ்' எழுத்தை அடுத்து 'ஐ' எழுத்தும் அதன்பின் இன்னோர் உயிரெழுத்தும் வந்தால் ஷகர ஒலி உண்டாகும். 'ஷான்' என்ற பெண் பெயரும் 'ஷோன்' என்ற ஆண் பெயரும் அப்படிப்பட்டவை. இங்கிலீஷில் மெய்யாக நிற்கும் 'டபிள்யூ' இங்கே உகரமாகவும் வேலை செய்கிறது. அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயல் அசையின்மேல் விழும்; 'மிகவும் நேசிக்கப்பட்டவள்' என்று பொருள்படும் 'அங்ஹாரட்' என்ற பெயரில் நடு அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் பேர்போனது இரட்டை 'எல்'. நாவின் நுனியை லகரத்துக்கு வைப்பதுபோல் வைத்துக்கொண்டு, குரலை எழுப்பாமல், நாவின் பக்கமாக மூச்சை மாத்திரம் ஊதினால் அந்த ஒலி வந்துவிடும். இரண்டு நாள் பழகினால் எவருக்கும் கைகூடும். ஆனால் இங்கிலீஷ்காரர்கள் அந்தப் பிரயாசையை எடுத்துக்கொள்ளாமல் அதன் ஸ்தானத்தில் 'ஃப்ல' என்று போட்டுச் சமாளித்தார்கள். 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் வரும் வெல்ஷ் தளபதிக்கு ஷேக்ஸ்பியர் 'ஃப்ளூவெலின்' என்று பெயர் வைத்தது 'லெவெலின்' என்ற பெயரின் திரிபேயாகும். 'லாயிட்' என்ற பெயரே 'ஃப்ளாயிட்' என்றும் ஆயிற்று.

இனிப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். பழைய காலத்தில் வெல்ஷ்காரர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. இன்னாருடைய மகன் என்று குறிக்க 'அப்' என்ற சொல்லைத் தந்தை பெயருக்கு முன் சேர்ப்பார்கள்; உயிரெழுத்தில் தொடங்கும் பெயருக்கு முன்னால் அதன் ஈற்றுப் பகரம் மெலிந்து ஒலிக்கும். 1536-ஆம் வருஷத்துச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நியாயஸ்தலங்களில் இங்கிலீஷையே நிலைநாட்டிய பிறகு, நாளாவட்டத்தில் இந்த வழக்கம் தேய்ந்து, ரீஸின் மகன் 'பிரைஸ்' ஆனான், ஹவலின் மகன் 'பவல்' ஆனான், எவனின் மகன் 'பெவன்' ஆனான். வேறு பலர் தந்தையின் ஞானஸ்நானப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டதால், தேசம் முழுவதும் ஜோன்ஸ்களும் டேவிஸ்களும் வில்லியம்ஸ்களும் நிரம்பிவிட்டார்கள். பால்காரர் ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துச் சொன்னாலொழிய ஆளை அடையாளம் காண முடியாத ஊர்களில், மனிதனை மனிதனிலிருந்து பிரித்துக் காட்டும் பாரம் முழுவதும் முதற்பெயரின்மேலேயே விழுந்தது இயற்கைதானே!

அந்த முதற்பெயர்களின் பொக்கிஷம் மபினோகி முதலிய பழங்கதைகளில் இருக்கிறது. நடந்த இடமெல்லாம் வெண்ணிறப் பூக்கள் முளைத்ததனால் 'வெள்ளைச் சுவடு' எனப் பொருள்படும் 'ஓல்வென்' என்ற பெயர் பெற்ற கன்னிகை ஒருத்தி. ஞானஸ்நானம் ஆனவுடனே கடலில் பாய்ந்து மீனைப்போல் நீந்திய 'டலன்' என்ற சிசு ஒருவன். 1914-இல் ஸ்வான்ஸி நகரத்தில் பிறந்த கவிஞர் டிலன் தாமஸுக்குத் தந்தை இந்தக் கடற்குழந்தையின் பெயரைச் சூட்டியபோது, வெல்ஷ் முறைப்படி சொன்னால் இங்கிலீஷில் மந்தன் என்று பொருள்படும் சொல்லாகக் காதில் விழுமே, பிள்ளையைப் பரிகசிப்பார்களே என்று தாயார் அஞ்சினாராம். கவிஞரும் பின்னாளில் 'டிலன்' என்ற இங்கிலீஷ் உச்சாரணத்தையே விரும்பினார். உலகமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டது.

அர்த்தத்தை மாத்திரம் பார்த்துப் பெயர் வைப்பதில் ஆபத்து உண்டு. 'மலர்முகத்தாள்' எனப் பொருள்படும் 'ப்ளொடெய்வெத்' என்ற பெயரைக் கேட்டு மயங்குகிறவர்கள், மந்திரவாதிகள் பூக்களைக்கொண்டு படைத்த அந்தப் பெண், கணவனைக் கொல்லக் காதலனோடு சதி செய்து, முடிவில் ஆந்தையாக மாற்றப்பட்டாள் என்ற கதையையும் கேட்டுவிடுவது நல்லது. ஆண், பெண் வேற்றுமையிலும் கவனம் வேண்டும். வெண்மையையும் புனிதத்தையும் குறிக்கும் சொல் ஆணுக்கு 'க்வின்', பெண்ணுக்கு 'க்வென்'. ஆதலால் 'ப்ரான்வென்' என்பதே பெண்ணுக்குரிய வடிவமாயிருக்க, வெளிநாட்டார் அழகுக்காக 'ப்ரான்வின்' என்று எழுதுவது வெல்ஷ்காரர் கண்ணுக்குப் பெண்ணுக்கு ஆண் விகுதி கொடுத்ததாகவே படுகிறது. மனிதர்மேல் கொண்ட நன்றியினால் பிறந்த பெயர்களும் உண்டு. பிரிட்டனில் இலவச தேசிய வைத்திய சேவை தொடங்கிய 1948 ஜூலை 5-ஆம் தேதி, நள்ளிரவு கழிந்து ஒரு நிமிஷத்தில் அம்மான் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தைக்கு, அச்சேவையை நிறுவிய வேல்ஸ் தேசத்து மந்திரி அனெய்ரின் பெவனை நினைத்து 'அனெய்ரா' என்று பெயரிட்டார்கள்.

பெயரைச் சரியாகச் சொல்வது என்ன அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பவர்களுக்கு, 'க்வென்லியன்' என்ற ராஜகுமாரியின் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். வேல்ஸின் கடைசிச் சுதேச அரசரான லெவெலின் 1282-இல் கொல்லப்பட்டபோது அவருடைய ஒரே மகள் கைக்குழந்தை; பிரசவத்திலேயே தாயும் இறந்துவிட்டாள். அக்குழந்தையை இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு லிங்கன்ஷயரிலுள்ள செம்ப்ரிங்ஹாம் கன்னிமாடத்தில் சேர்த்தார். 1337-இல் இறக்கும்வரையில், அரை நூற்றாண்டுக்கு மேல், தன் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்களின் நடுவிலேயே அவள் வாழ்ந்தாள். அக்காலத்துப் பத்திரங்களில் அவள் பெயர் 'வென்சிலியன்' என்பது போன்ற திரிபுகளாகவே காணப்படுகிறது. 2009-இல் வட வேல்ஸின் மலையுச்சி ஒன்றுக்கு, திரிபில்லாத வடிவத்தில், அவள் பெயரைச் சூட்டினார்கள்.

ஆகவே, வெல்ஷ் பெயரை விரும்புகிறவர்களுக்குச் சொல்லக்கூடிய புத்திமதி எளியது. பெயரைக் கண்ணால் தேர்ந்தெடுக்காமல் காதால் தேர்ந்தெடுங்கள். வெல்ஷ் பேசும் ஒருவர் வாயால் அதைக் கேட்டு, உங்கள் நாவுக்குப் படிந்த பிறகே பதிவேட்டில் எழுதுங்கள். பிறருக்குச் சௌகரியமாகட்டும் என்று எழுத்துகளை மாற்றாதீர்கள்; எழுத்தை மாற்றினால் அர்த்தமும் கதையும் கூடவே போய்விடும். கேட்பவர்களுக்கு ஒருமுறை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும், பெரும்பாலோர் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.