வீட்டுக் கருவிகளும் வடிவமைப்புக் கலையும்

அமைச்சனுக்கு வேண்டுவனவற்றை எண்ணத் தொடங்கிய வள்ளுவர், கருவியையே முதற்கண் வைத்தார். ஆண்டுக் கருவி என்பதற்குத் தானையும் பொருளும் எனப் பரிமேலழகர் உரை வகுப்பர். ஈண்டு நாம் ஆராயப் புகுவன அத்துணைப் பெருமை வாய்ந்தன அல்ல. செம்பு, திருவலை, நீத்துப்பெட்டி, ஆட்டுக்கல் முதலாக அடுக்களையிற் கிடக்கும் எளிய பொருள்களே அவை. எனினும், ஒரு வினைக்கு ஏற்ற கருவியை எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அவை தரும் விடை மிகத் தெளிவானது.

இவ்வுண்மையை உலகறியச் செய்தோர் இருவர். அமெரிக்க வடிவமைப்பாளராகிய சாள்ஸ் ஈம்ஸும் அவர்தம் மனைவியார் றே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பை ஏற்று அந்நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஓர் அறிக்கை அளித்தனர். தாம் கண்டு வியந்த பொருள்களுள் அவர்கள் தலையாயதாகப் போற்றியது, வீடுதோறும் புழங்கும் செம்பினையே. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? கையிலோ இடுப்பிலோ தலையிலோ ஏந்துங்கால் நிறைந்தபோதும் குறைந்தபோதும் சமநிலை எங்ஙனம் நிற்கும்? நீர் எப்படி ஒழுகும்? உட்புறத்தை எளிதிற் கழுவ இயலுமா? விலை எவ்வளவு? இத்தகைய வினாக்கள் பலவற்றை அவர்கள் அடுக்கினர். இவ்வளவுக்கும் ஒருங்கே விடையாக அமைந்த செம்பைத் தனியொருவர் வரைந்ததில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டுத் திருந்திய வடிவம் அது. அவ்வறிக்கையின் பயனாக 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. ஆகவே, பொருளின் உருவத்தைக் காணுமுன் அது விடையிறுக்கும் வினாவைக் காணல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க முதற் பாடம்.

இப்பாடத்தோடு நம் அடுக்களைக்குட் புகுவோம். நீத்துப்பெட்டி பனையோலையாற் கூம்பு வடிவில் இழைக்கப்படுவது. பிட்டு அவிப்பதற்கு அதனைக் கொதிநீர்ப் பானையின் வாயிற் செருகுவர். கூம்பு மேலே அகன்றும் கீழே குவிந்தும் இருத்தலால், பானையின் வாய் சிறிதாயினும் பெரிதாயினும், ஏதேனும் ஓரிடத்திற் பொருந்தி நின்றுவிடும். ஓலையின் இழைகளூடே ஆவி நுழைந்து மாவை அவிக்கும். உலோகப் பாத்திரமாயின் அதன் சுவரில் ஆவி குளிர்ந்து நீர்த்துளியாகி மாவை நனைக்கும்; ஓலையோ அவ்வீரத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஆதலாற் பிட்டுக் குழையாது உதிர்ந்து நிற்கும். அளவு பொருந்துதல், ஆவி புகுதல், ஈரம் அகலுதல் என்னும் மூன்று தேவைகளையும், ஆணி ஏதும் இன்றி, ஓர் ஓலைக் கூம்பு நிறைவேற்றிவிடுகின்றது.

திருவலையின் நுட்பம் வேறொரு வகையினது. மேற்கத்தியக் கத்தி அசைய, காய் அசையாது கிடக்கும்; நம் திருவலையும் அரிவாள்மணையும் அசையாது நிற்க, தேங்காயும் காயுமே அசைகின்றன. பலகைமேல் அமர்வோரின் உடற்பாரமே கருவியை நிலத்தோடு இறுக்கிப் பிடிப்பதால், இரண்டு கைகளும் வினைக்கு எஞ்சுகின்றன. கருவியைப் பிடித்திருக்க ஒரு கையைச் செலவிடாமை இதன்கண் அமைந்த சிக்கனம்.

ஆயின், பழையன யாவும் என்றும் பொருந்துவன எனக் கூறுதல் எம் கருத்தன்று. திருவலை, நிலத்தில் அமர்ந்து சமைக்கும் வாழ்க்கையை எதிர்நோக்கியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எழுந்துள்ள தொடர்மாடி வீடுகளில் நின்றே சமைக்கின்றனர். முழங்கால் நோவுற்ற முதியோருக்கு நிலத்தில் அமர்தலும் எழுதலும் துன்பம். இதற்கு விடையாக வந்ததே, மேசை விளிம்பில் திருகாணியாற் பூட்டிக் கைபிடியாற் சுழற்றும் திருவலை. இதன்கண் உடற்பாரத்தின் தொழிலைத் திருகாணி செய்கின்றது. உருவம் முற்றும் மாறியும், கருவியைக் கையாற் பிடிக்க வேண்டாமை என்னும் பழைய கருத்து மாறவில்லை.

ஆட்டுக்கல்லின் வரலாறு இதனினும் தெளிவானது. உழுந்தும் அரிசியும் ஆட்டுவதிற் பெண்டிர் நாள்தோறும் செலவிட்ட உழைப்பைப் பழமையின் பெருமையால் மறைத்தல் தகாது. 1955 ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பார் மின்னால் இயங்கும் மாவரைக்கும் பொறியை அமைத்தார். அவர் கல்லைக் கைவிட்டிலர். விரைந்து சுழலும் உலோக அலகு மாவைச் சூடேற்றும். மெல்லச் சுழலும் கல்லில் அச்சூடு குறைவு. ஆனால் இயக்கத்தின் முறை மாறிற்று. ஆட்டுக்கல்லில் உரல் நிற்கக் குழவி சுழலும். பொறியிலோ உரல் சுழல, குழவி தன் இடத்தை விட்டுப் பெயராது நிற்கும். கைக்கு இலேசானது குழவி. மோட்டாருக்கு அவ்வரையறை இல்லை. எது கல்லின் குணம், எது கையின் குறை என்று பிரித்தறிந்தமையே இப்பொறியின் வெற்றிக்குக் காரணம் எனலாம். கோயம்புத்தூர் மாவரைக்கும் பொறி பின்னாளிற் புவிசார் குறியீடும் பெற்றது.

ஒரு நல்ல கருத்து எவ்விடத்தும் பலிக்குமோ எனின், பலியாது. வட நைஜீரியாவில் மொகம்மது பா அப்பா என்னும் ஆசிரியர், ஒரு மட்பானைக்குள் மற்றொன்றை வைத்து, இடையே ஈரமணல் நிரப்பி, மின்சாரமின்றிக் காய்கறிகளைக் காக்கும் முறையைப் பரப்பி, 2000 ஆம் ஆண்டில் றோலெக்ஸ் பரிசு பெற்றார். நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தைக் கவர்ந்து செல்லுதலே இதன் தத்துவம். நம் மண்கூசா நீரைக் குளிர்விப்பதும் அவ்வாறே. ஆயினும், அந்நாட்டின் வறண்ட காற்று வேறு. ஈரம் செறிந்த வெள்ளவத்தைக் கடற்காற்று வேறு. ஈரக்காற்றில் நீர் மெல்லவே ஆவியாகுமாதலின், அப்பானை இங்கே அத்துணைக் குளிர்ச்சி தராது. கருவியைப் பெயர்த்துக் கொணர்வோர் காற்றையும் உடன் கொணர இயலாது அன்றோ!

இவற்றை ஆராய்தல் இன்று நமக்கு விரைந்து செய்யவேண்டிய பணியாகின்றது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொழும்புக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கையில் எடுத்தவற்றோடு வந்தன. ஆட்டுக்கல்லும் உரலும் துலாவும் அவ்வூர்களிலேயே நின்றுவிட்டன. நீத்துப்பெட்டியை இன்றும் கடையில் வாங்கலாம். ஆனால் அது ஏன் கூம்பாயிற்று என்பதைச் சொல்லத்தக்கோர் முதியோரே. பொருள் அழியின் மீண்டும் செய்துகொள்ளலாம். அதன் காரணம் மறக்கப்படின், எஞ்சுவது கண்ணாடிப் பேழைக்குள் வைக்கும் காட்சிப்பொருளே.

ஆதலின், பொறியியலும் கட்டடக் கலையும் பயிலப் புகும் நம் மாணவர், புதிய பொருளொன்றை வரையுமுன் தம் வீட்டுப் பழைய கருவி ஒன்றனை எடுத்து அளந்து, வரைந்து, பாட்டியாரிடம் நான்கு வினாக்கள் கேட்பாராக. இதனைக் கொண்டு எவ்வேலை செய்தீர்கள்? இவ்வடிவம் ஏன்? இதனால் உடம்பில் எங்கே நோவுற்றீர்கள்? எதனை மாற்ற விரும்பினீர்கள்? முதலிரு வினாக்கள் முன்னோர் அறிவை நமக்குத் தரும். பின்னிரு வினாக்கள் இனி நாம் செய்யவேண்டுவனவற்றைக் காட்டும். ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாகவே அமைத்து, சேரும் விடைகளை ஆண்டுதோறும் தொகுத்து வைப்பின், அத்தொகுதி நம் கல்லூரி நூலகத்துக்கு ஓர் அரிய செல்வமாகும்.