கூட்டறிக்கைக் கொப்பியும் வரலாறுதான்

கடந்த வருடம் உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள, முப்பது வருடங்களுக்கு மேற்பட்ட கடதாசி ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அது யாருடையது, எதற்காக எழுதப்பட்டது என்று வகுப்பில் சொல்ல வேண்டும். காணி உறுதி, பழைய பாஸ்போர்ட், கடைக் கணக்குப் புத்தகம் என்று பலதும் வந்தன. ஏறக்குறைய எல்லாமே வாப்பாமார், மூத்தவாப்பாமார் பெயரில் இருந்தவை. ஒரு மாணவி மட்டும் சொப்பிங் பேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூத்தம்மாவின் அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் இருந்ததாம். உள்ளே ஓர் அப்பியாசக் கொப்பி. எண்பதுகளின் கடைசியில் அவர்களது ஊரில் இயங்கிய மாதர் சங்கத்தின் கூட்டறிக்கை.

முதல் பக்கங்களில் எதிர்பார்க்கக்கூடியவைதான் இருந்தன. தையல் வகுப்பு, சீட்டுக் காசு, யார் யார் சமுகம் தந்தார்கள் என்ற பட்டியல். நடுவில் ஒரு பக்கத்தில் வேறொரு விடயம். கணவன் கைவிட்டுப் போன அங்கத்தவர் ஒருவர் பிள்ளைத் தாபரிப்புக்காகக் காதியிடம் போக வேண்டியிருக்கிறது. தனியாகப் போகப் பயப்படுகிறார். அவரோடு இரண்டு பேர் போவது, பஸ் காசைச் சங்கம் கொடுப்பது என்று தீர்மானம். அவரது பெயர் எழுதப்படவில்லை, "மேற்படி சகோதரி" என்று மட்டும் இருந்தது. இன்னும் சில பக்கங்கள் தள்ளி, பெண்கள் முறைப்பாடு சொல்லும்போது பெண் ஒருவரும் பக்கத்தில் இருக்க அனுமதிக்குமாறு காதிக்குக் கடிதம் எழுதுவதென்று ஒரு முடிவு.

நான் ஆசிரியர் கலாசாலையில் வரலாற்று மூலாதாரங்கள் பற்றிப் படித்தவள். கல்வெட்டு, நாணயம், செப்பேடு, ஒல்லாந்தரின் தோம்பு என்று வரிசையாக மனனம் செய்தோம். மாதர் சங்கக் கொப்பியும் ஒரு மூலாதாரம் என்று எவரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் கொப்பி ஏன் முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்று பார்க்க வேண்டும். காதியாக நியமிக்கப்படுபவர் ஆணாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தையும் காதியின் அனுமதியோடு பதியலாம் என்று அது இடம் வைத்தது. மணமகளின் கையொப்பத்தை அது கேட்கவில்லை. இவற்றைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மறுபக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி, "இதை யார் கேட்டது?" என்பதுதான். விடையையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: கொழும்பில் உள்ள சில பெண்கள், அரச சார்பற்ற நிறுவனங்கள், வெளிநாட்டுக் காசு. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இப்படியொரு குறையே இருந்ததில்லையாம்.

திருத்தம் வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் "கேட்கவே இல்லை" என்பது கருத்தல்ல, வரலாறு பற்றிய ஒரு கூற்று. அதற்குச் சான்று வேண்டும். பஸ் காசு கொடுத்து இரண்டு பெண்களைக் காதியிடம் அனுப்பிய சங்கம் ஒன்று எண்பதுகளில் இருந்திருக்கிறது. ஒரு கொப்பி ஒரு ஊரைத்தான் காட்டும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் மற்ற ஊர்களின் கொப்பிகள் எங்கே என்று கேட்கிறேன்.

அரசாங்கப் பதிவுகளில் வேறு வகையான வரலாறு இருக்கிறது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது, 2018இல் அறிக்கை கையளிக்கப்பட்டது, உறுப்பினர்கள் இரண்டு நிலைப்பாடுகளாகப் பிரிந்தார்கள். இவை பத்திரிகையில் உண்டு, இனியும் இருக்கும். ஆனால் இப்படியான குழுக்களுக்குச் சொல்வதற்காகக் கிராமத்தில் கூடியிருந்து, தங்கள் கதையை ஒருவருக்கொருவர் சொல்லி, எழுதத் தெரிந்த ஒருத்தியைக் கொண்டு எழுதுவித்த பெண்களின் நகல் பிரதிகளை யார் வைத்திருக்கிறார்கள்?

தொலைந்ததற்குக் காரணங்கள் பல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில், சங்கக் கோவையைக் கையில் எடுத்துக்கொண்டு எவரும் புறப்பட்டிருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேர அவகாசம். பின்னர் புத்தளம் முகாம்களில், பகலில் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்களும் பெண்கள்தான், தண்ணீருக்கும் பாடசாலைக்கும் அதிகாரிகளிடம் நடையாய் நடந்தவர்களும் பெண்கள்தான். கிழக்கில் எஞ்சியிருந்த எத்தனையோ கடதாசிகளை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனது. எங்கள் கரையோர ஊர்களில் வீடே போனபோது கொப்பியைப் பற்றி யார் அழுவது?

ஆனால் எல்லாப் பழியையும் யுத்தத்திலும் கடலிலும் போட முடியாது. திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைக் காலி செய்து, கோவைகளைக் கடலை சுற்றக் கொடுத்த கதைகளும் உண்டு. பெண்கள் தாங்களே கிழித்தெறிந்ததும் உண்டு. மருமகன் பார்த்தால் என்ன நினைப்பார், பேத்தியின் கலியாணப் பேச்சு கெட்டுவிடுமோ என்ற பயம். என் அபிப்பிராயத்தில் கறையானைவிட இந்தப் பயம்தான் அதிகம் அழித்திருக்கிறது.

பெண்கள் விடுதலை இயக்கம் என்றாலே அது மேற்கு நாட்டுச் சரக்கு என்பது நம்மில் பலரின் எண்ணம். அங்கேயும் இந்தப் பிரச்சினை இருந்தது. 1969இல் ஒக்ஸ்போர்ட் ரஸ்கின் கல்லூரியில் நடந்த வரலாற்றுப் பட்டறையொன்றில், பெண்களின் வரலாறு பற்றிக் கூடிப் பேச விரும்புவோர் வரலாம் என்று அறிவித்தபோது சபை சிரித்தது. சிரிப்பைக் கேட்ட பெண்கள் தனியாக ஒரு கூட்டம் வைக்க முடிவெடுத்தார்கள். அதுவே 1970 பெப்ரவரி இறுதியில் சுமார் 600 பேர் கூடிய, பிரித்தானியாவின் முதலாவது தேசிய பெண்கள் விடுதலை மாநாடாக மாறியது. அந்தத் தலைமுறையின் குரல்களை பிரித்தானிய நூலகம் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியதோ நாற்பது வருடங்கள் கழித்து, 2010இல். அறுபது பேரின் நேர்காணல்கள் சேர்ந்தன. அதற்குள் எத்தனை பேர் மௌத்தாகியிருப்பார்கள்!

நமக்கு இது அந்நியமான வேலையும் அல்ல. கணவனின் அநீதியைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வாதாடிய கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்களின் முறையீடு, ஸூரத்துல் முஜாதலாவின் தொடக்கத்தில் இன்றும் ஓதப்படுகிறது. யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை ஆராயும் ஒழுக்கம் நம்மிடம் இருக்கிறது. வாய்மொழி வரலாறு சேகரிப்பவருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மூத்தம்மா தான் கண்டதைச் சொல்கிறாரா, ராத்தா சொல்லக் கேட்டதைச் சொல்கிறாரா என்று பிரித்து எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செய்முறை கடினமல்ல. கொப்பியை லெமினேற் செய்யக் கூடாது, சலோடேப் ஒட்டக் கூடாது. துருப்பிடித்த ஊசிகளை மெதுவாகக் கழற்ற வேண்டும். எமது காலநிலையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பக்க ஒழுங்கு மாறாமல் பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர், எந்த வருடம் என்று அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்து இலவசமாகத் திறந்துவைக்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றிச் சிவில் சமூகத்தவர்கள் அமைத்த ஆணைக்குழு, பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டி 2011இல் அறிக்கை வெளியிட்டதும் நாம் செய்யக்கூடியதற்கு ஓர் உதாரணம்.

கடினமானது அனுமதிதான். தலாக், தாபரிப்பு, அடி உதை பற்றிய கடதாசிகளில் வருபவர்களின் பிள்ளைகள் அதே தெருவில் வாழ்கிறார்கள். பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு. சில கோவைகளை இத்தனை வருடங்களுக்குத் திறப்பதில்லை என்ற நிபந்தனையோடுதான் வாங்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. திருத்தத்தை எதிர்த்துக் கையொப்பம் வைத்த பெண்களின் மகஜர்களையும் சேர்க்க வேண்டும். அவர்களும் இந்த வரலாற்றில் இருந்தவர்கள்.

அந்த மூத்தம்மாவை வீட்டில் போய்ப் பார்த்தேன். "இதப் போய் யாரு மகள் படிக்கப் போறா?" என்று சிரித்தார். படம் எடுக்கச் சம்மதித்தார். ஆனால் இரண்டு பக்கங்களைக் காட்டி, "இத நான் மௌத்தானதுக்குப் புறகு எடுங்க" என்றார். காரணம் கேட்கவில்லை. அந்த இரண்டையும் விட்டு மற்றப் பக்கங்களை எடுத்தோம். கொப்பி இப்போது சொப்பிங் பேக்கில் இல்லை. பழைய பருத்தித் துணியொன்றில் சுற்றி, அதே அலுமாரியில், சாரிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்.