திரும்பத் தெரிந்த தீரர்

ஸ்வீடன் தேசத்து யோரான் க்ரோப் 1995-ம் வருஷம் சைக்கிளிலேயே புறப்பட்டு நேபாளம் வந்து சேர்ந்தார். 1996 மே 3-ந் தேதி எவரெஸ்ட் சிகரத்துக்குச் சுமார் 100 மீட்டர் கீழே நின்றார். கண்ணெதிரே சிகரம்! ஆனால் பொழுது கடந்துவிட்டது. ஏறினால் இருளில் இறங்க நேரிடும். திரும்பிவிட்டார்.

மே 10-ந் தேதி வேறு பலர், பிற்பகல் 2 மணி கடந்தும் மேலே ஏறினர். மாலையில் பனிப்புயல் சூழ்ந்தது. அம்மலையில் எட்டுப் பேர் மாண்டனர். க்ரோப்போ மே 23-ந் தேதி மீண்டும் ஏறிச் சிகரத்தை அடைந்தார்.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளைகள் மலையேறப் புறப்படுகையில், "எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்று கேட்டு அனுப்புங்கள். மேகம் கறுத்தால் அதுவரையிலும் காத்திராமல் இறங்கச் சொல்லுங்கள். அந்நேரத்தை அடிவாரத்திலேயே நிச்சயித்துவிட வேண்டும். சிகரத்தருகே தீர்ப்புக் கூறுவது அறிவன்று, ஆசையே.